முதல் நாவலுக்கு பேக்கேஜ் விலை சொல்லும் பதிப்பகங்கள்: குமரி மாவட்ட எழுத்தாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முதல் நாவலை எழுதி முடித்துவிட்டுப் பதிப்பாளர் தேடும் குமரி மாவட்டத்துக்காரர்கள், அட்வான்ஸ் அனுப்பும் முன் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். தக்கலைப் பக்கத்தில் முதல் நாவல் வெளியிட்ட ஒருவருக்கு நடந்ததை வைத்து எழுதுகிறோம். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே ஒப்பந்தத்தை வேறு வேறு பெயர்களில் நீட்டுகிறார்கள். பெயரைவிட அவர்கள் செய்யும் முறை தெரிந்தால்தான் தப்ப முடியும்.

நாவல் 240 பக்கம், டெமி அளவு, விலை 300 ரூபாய். ஆசிரியர் பதிப்பகத்துக்குக் கட்ட வேண்டிய பேக்கேஜ் 48,000 ரூபாய். அதற்குள் 300 பிரதி, பிழைதிருத்தம், அட்டை, ஐ.எஸ்.பி.என். (புத்தக அடையாள எண்), நாகர்கோவிலில் வெளியீட்டு விழா, சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனை, நூலக ஆணை (அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை), கிண்டில் எல்லாம் அடக்கம் என்று வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் சொன்னார்கள். கையெழுத்துக்கு வந்த இரண்டு பக்க ஒப்பந்தத்தில் 300 என்ற எண்ணே இல்லை. ‘பிரதிகள் தேவைக்கேற்ப அச்சிடப்படும்’ என்று ஒரே ஒரு வரி. முழுப் பணமும் போன பிறகு, விழா அன்று காலையில் பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது 60 பிரதி. மிச்சம் எங்கே என்று கேட்டால், ‘தேவைப்படும்போது அடிச்சுத் தருவோம் சார், ஒப்பந்தத்திலயே இருக்கு.’

வந்த 60 பிரதியும் பிழையோடு வந்தவை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. ‘கோ’ வரும் இடங்களில் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும், எழுத்தும் காலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் கிடந்தன. உரையாடலில் வட்டார வழக்கை எல்லாம் ‘திருத்தி’ வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்த பாட்டா (தாத்தா) ‘மீன்கறி கொள்ளாம்’, அதாவது நன்றாக இருக்கிறது, என்று சொல்வது ‘மீன்கறி கொள்ளலாம்’ என்று அச்சாகியிருந்தது. கல்குளம், விளவங்கோடு பேச்சை எழுதுபவர்கள் பிழைதிருத்துபவருக்கு ‘தொடக்கூடாத சொற்கள்’ என்று ஒரு பட்டியலைக் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். கடைசி புரூப்பைத் திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அச்சுக்குப் போகும் அதே பி.டி.எஃப். கோப்பைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்து வாசியுங்கள். எழுத்துரு மாறிய பிழைகள் தாளில்தான் கண்ணில் படும்.

அடுத்தது ராயல்டி, அதாவது விற்கும் பிரதிக்கு ஆசிரியருக்கு வரும் பங்கு. பெரும்பாலானோர் விழுவது இங்கேதான். விற்பனை விலையில் 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 30 ரூபாய். போட்ட 48,000 திரும்ப வர 1,600 பிரதி விற்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் இருந்தது ‘நிகர வருவாயில் 10 சதவீதம்’. கடைக்கழிவு 40 சதவீதம் போனால் 300இல் மிச்சம் 180. அச்சுச் செலவு என்று அவர்கள் கழித்தது 110. நிற்பது 70. அதில் பத்தில் ஒன்று 7 ரூபாய். இந்தக் கணக்கில் போட்ட பணம் திரும்ப 6,858 பிரதி விற்றாக வேண்டும். பேர் தெரியாத ஆசிரியரின் முதல் நாவலுக்கு அது நடக்காது என்பது ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு நன்றாகவே தெரியும். பணம் வாசகரிடமிருந்து வராமல் ஆசிரியரிடமிருந்தே வந்துவிட்டால், அதற்குப் பிறகு புத்தகத்தை விற்க அவர்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. இன்னும் கொடுமை, கூடுதல் பிரதி கேட்ட ஆசிரியரிடமே 30 சதவீதக் கழிவில் பிரதி 210 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்று பில் போட்டார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அப்படி பில் வந்தால் எந்தப் பிரிவில் போட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

உரிமை பற்றிய பத்தியை வரி வரியாகப் படியுங்கள். ‘உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக’ என்று எழுதியிருந்தால் மலையாள மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், சினிமா எல்லாம் கைவிட்டுப் போய்விடும். கேரள எல்லையில் இருக்கும் நமக்கு மலையாள மொழிபெயர்ப்பு எட்டாத விஷயம் இல்லை. அதைச் சும்மா எழுதிக் கொடுக்காதீர்கள். ‘தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், மூன்றாண்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் பொருள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் உங்கள் தாளில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பதிப்புரிமை பதிவு செய்து தருகிறோம் என்று தனியாக ஆயிரக்கணக்கில் கேட்பவர்களும் உண்டு. எழுதிய கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. விரும்பிச் செய்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு 3,000, 5,000 என்று விலை போடுவது சுத்த மோசடி. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாக வழங்குகிறது. சொந்தமாக வெளியிடும் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

நூலக ஆணைக்கு ஆதாரம் என்று தக்கலை ஆசிரியருக்கு அனுப்பியது, சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி தபாலில் போன ரசீது. அது ஆணையே இல்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி எந்தப் பதிப்பாளரும் வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்குத் தன் செலவில் அனுப்ப வேண்டிய பிரதிகளில் ஒன்று. பொது நூலக இயக்ககம் நூல் வாங்குவது விண்ணப்பம், தேர்வுக் குழு, விலை நிர்ணயம் எல்லாம் தாண்டி நடப்பது. ‘ஆணை உறுதி’ என்று யாரும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அமேசானில் ‘நம்பர் ஒன்’ ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான்: ஆள் இல்லாத சின்னப் பிரிவில் ஒரே நேரத்தில் சில பிரதி வாங்கினாலே அந்த இடம் கிடைக்கும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். கிண்டிலில் ஏற்றக் கட்டணமே கிடையாது. உங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றுங்கள். அவர்கள் கணக்கில் ஏறிவிட்டால் எத்தனை விற்றது என்று உங்களால் பார்க்கவே முடியாது.

பிரதி கைக்கு வந்ததும் தராசில் வையுங்கள். டெமி 240 பக்கம் என்றால் 120 தாள். 70 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளும் 300 ஜி.எஸ்.எம். அட்டையும் போட்டிருந்தால் ஒரு பிரதி சுமார் 270 கிராம் நிற்க வேண்டும். 235 கிராம் அளவில் நின்றால் 60 ஜி.எஸ்.எம். தாளைப் போட்டிருக்கிறார்கள். பலசரக்குக் கடை எலக்ட்ரானிக் தராசே போதும். பிறகு நடுவில் அகல விரித்துப் பாருங்கள். முதுகில் பசை வெடிக்கும் சத்தம் வந்தால் இரண்டாவது வாசிப்பில் தாள் கையோடு வரும். ஆஃப்செட்டில் அடித்ததானால் 16 பக்கத்துக்கு ஒரு பாரம் (ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி), ஆக 15 பாரம். 1, 17, 33, 49 என்று ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கமும் இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று கட்டுக்கு நாலு பிரதியாவது புரட்டுங்கள். எண்ணிக்கைக்கு அச்சகத்தின் டெலிவரி சலான் நகல் கேளுங்கள். பதிப்பகத்தின் வாய்ச்சொல் கணக்காகாது. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் ஜூலையிலும் அக்டோபர் நவம்பரிலும் புத்தகக் கட்டைத் தரையில் போட்டால் ஓரம் சுருண்டுவிடும், பலகை மேல் வைத்து பாலித்தீன் சுற்றுங்கள்.

விழாத் தேதியை அவர்கள் வசதிக்கு விடாதீர்கள். பிரதி கையில் வந்து குறைந்தது பத்து நாள் கழித்தே தேதி வையுங்கள், அழைப்பிதழும் அதற்குப் பிறகே அடியுங்கள். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் ஞாயிறு காலை ஆள் வராது, ஆராதனை முடிந்து மதியம் மூன்றரைக்கு மேல்தான். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் திருவிழா. அந்த நாட்களில் நாகர்கோவிலில் விழா வைத்தால் பஸ் நெரிசலிலேயே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வருகிறவர்களில் பலர் ஆசிரியர் கையால் ஒரு பிரதி சும்மா கிடைக்கும் என்று நினைத்தே வருவார்கள். அதனால் வாசலிலேயே மேசை போட்டு, விழாச் சலுகை 250 ரூபாய் என்று எழுதி, கியூ.ஆர். அட்டையும் சில்லறையும் வைத்து, கூச்சப்படாமல் காசு கேட்கிற உறவுக்காரர் ஒருவரை உட்கார வையுங்கள். இலவசப் பிரதி மேடையில் இருப்பவர்களுக்கும் விமர்சனம் எழுதுவேன் என்று சொன்னவர்களுக்கும் மட்டும். தக்கலை நண்பரின் விழாவில் விருந்தினருக்கு ‘அன்பளிப்பு’ என்று பதிப்பகம் மேடையிலிருந்தே அவரிடம் பணம் கேட்டு வாங்கியது. பேக்கேஜில் விழாச் செலவு எதுவெல்லாம் அடக்கம் என்று ஹால் வாடகை, மைக், ஃப்ளெக்ஸ், டீ வரை பிரித்து எழுதி வாங்கியிருந்தால் அந்தச் சங்கடம் வந்திருக்காது.

காசு கொடுத்தே வெளியிடுவது என்று முடிவு செய்திருந்தால் 30 சதவீதம் தொடக்கத்தில், 40 கடைசி புரூப் ஒப்புதலுக்குப் பின், மீதி 30 சதவீதம், பிரதிகளை எண்ணி எடுத்த பின் என்று பிரித்துக் கொடுங்கள். இண்டிசைன் கோப்பு (பக்க வடிவமைப்பின் மூலக் கோப்பு), எழுத்துருக்கள், அட்டையின் மூலக் கோப்பு மூன்றும் கைக்கு வராமல் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள். அவை இருந்தால் அடுத்த பதிப்பை நாகர்கோவில் அச்சகத்திலோ சிவகாசியிலோ நீங்களே அடித்துக்கொள்ளலாம். விலைப்புள்ளியும் முன்பே இரண்டு இடத்தில் வாங்கி வைத்திருங்கள்.

ஏமாந்துவிட்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை வாய்ஸ் நோட்டோடு ஏற்றுமதி செய்து, யு.பி.ஐ. ரசீது, பில், ஒப்பந்தம், எடை தெரியும் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் நோட்டீஸ். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். பதிப்பகம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். இது ‘வணிக நோக்கம்’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். எனவே மனுவில் பிழைதிருத்தம், வடிவமைப்பு, அச்சு ஆகிய சேவைகளுக்குக் காசு கொடுத்தேன், அவை குறைபாடாகச் செய்யப்பட்டன என்றே எழுதுங்கள். ராயல்டித் தகராறை அதில் கலக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.