ஃபாலோ-ஆன் கொடுப்பதா, மீண்டும் ஆடுவதா?

2018 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலியா 151 ரன்னுக்குச் சுருண்டது. இந்தியாவுக்கு 292 ரன் முன்னிலை. கேப்டன் விராட் கோலி ஃபாலோ-ஆன் கொடுக்கவில்லை, அதாவது ஆஸ்திரேலியாவையே உடனே இரண்டாம் முறை ஆடவைக்கவில்லை; இந்தியாவே மீண்டும் ஆடியது. அதற்கு அடுத்த டெஸ்டில், 2019 ஜனவரியில் சிட்னியில், 322 ரன் முன்னிலை கிடைத்தபோது அதே கோலி ஃபாலோ-ஆன் கொடுத்தார். ஒரே தொடர், அதே எதிரணி, இரண்டு எதிரெதிர் முடிவுகள். இரண்டுமே சரி என்பது என் கருத்து.

மெல்போர்னில் அது மூன்றாம் நாள். பந்து தாழ்ந்தும் எழுந்தும் சீரில்லாமல் வந்துகொண்டிருந்தது; நாளாக நாளாக அது மோசமாகத்தான் ஆகும். இரண்டு நாளுக்கு மேல் ஆட்டம் மீதமிருந்தது. அப்படியிருக்க, கடைசி இன்னிங்ஸை எதிரணியின் தலையில் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். இந்தியா 44 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்தது. பாட் கம்மின்ஸ் 6 விக்கெட் எடுத்தார். 106 ரன்னுக்கு 8 விக்கெட் என்ற நிலையில் டிக்ளேர், அதாவது இன்னிங்ஸைத் தானே முடித்துக்கொண்டது. இவ்வளவு மோசமாக ஆடியும் இலக்கு 399 ஆனது. ஆஸ்திரேலியா 261 ரன்னில் முடிந்தது. கடைசி நாளின் முதல் பகுதியை மழை விழுங்கியும் வெற்றி கைநழுவவில்லை.

சிட்னியிலோ மழையும் மங்கிய வெளிச்சமும் ஏற்கெனவே நேரத்தைத் தின்றிருந்தன. நான்காம் நாளில் எதிரணியின் முதல் இன்னிங்ஸ் முடியும்போது, மீண்டும் ஆடி நேரத்தைச் செலவழிக்க இந்தியாவிடம் நேரமே இல்லை. ஃபாலோ-ஆன் ஒன்றுதான் வழி. ஆஸ்திரேலியா விக்கெட் இழப்பின்றி 6 ரன் எடுத்திருந்தபோது ஆட்டம் நின்றது, கடைசி நாள் முழுவதும் மழை, டிரா. பலன் கிடைக்கவில்லை என்பதற்காக அதைத் தவறான முடிவு என்று சொல்லிவிட முடியாது.

ஐந்து நாள் ஆட்டத்தில் 200 ரன் முன்னிலை இருந்தால் ஃபாலோ-ஆன் கொடுக்கலாம். இன்று அது கேப்டனின் விருப்பம். 1900 வரை அப்படியில்லை. போதிய முன்னிலை இருந்தால் கட்டாயம். ஆகவே, ஃபாலோ-ஆன் ஆடிய அணி டெஸ்டில் ஜெயித்த நான்கு சந்தர்ப்பங்களில் 1894 சிட்னியை எந்தக் கேப்டனின் கணக்கிலும் எழுத முடியாது. அங்கே வெற்றியின் அருகில் இருந்த ஆஸ்திரேலியாவை வீழ்த்தியது இரவில் பெய்த மழையில் நனைந்த ஆடுகளம். மற்ற மூன்றும் கேப்டன் யோசித்து எடுத்த முடிவுகள்: 1981 ஹெடிங்லி, 2001 கொல்கத்தா, 2023 வெலிங்டன்.

இவற்றில் கொல்கத்தாவைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் எங்குமே நடப்பதில்லை. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் பாடம் பெரும்பாலும் தவறு. லட்சுமண் 281, திராவிட் 180, இருவரும் சேர்த்த 376, நான்காம் நாள் முழுவதும் விக்கெட்டே விழாதது என்று அதிசயத்தையே பேசுகிறோம். பந்துவீச்சாளர்கள் களைத்துப்போனார்கள் என்கிறோம். இந்தியாவின் முதல் இன்னிங்ஸ் 58 ஓவர்தான் நீடித்தது. ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வா முடிவெடுத்த அந்த நேரத்தில் அவருடைய பந்துவீச்சாளர்கள் களைத்திருக்கவில்லை. அந்த அளவில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அவர் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அது மூன்றாம் நாள் காலை. 274 ரன் முன்னிலையோடு ஏறக்குறைய மூன்று நாள் கையில் இருந்தது. அவசரமே இல்லை. மீண்டும் ஆடி இன்னும் 150 ரன் சேர்த்திருந்தால், ஐந்தாம் நாளின் வெடித்த ஆடுகளத்தில் பந்து ஷேன் வார்னின் கையில் இருந்திருக்கும். நடந்தது என்ன? நல்ல நிலையில் இருந்த ஆடுகளத்தில் லட்சுமணிடம் வார்ன் அடி வாங்கினார். 152 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். கடைசி நாளின் ஆடுகளம் ஹர்பஜன் சிங்குக்குப் போய்ச் சேர்ந்தது, அவர் 6 விக்கெட் எடுத்தார். தேநீர் இடைவேளையில் 3 விக்கெட்டுக்கு 161 என்று நிம்மதியாக இருந்த ஆஸ்திரேலியா அதன்பின் 212 ரன்னில் சரிந்தது. ஃபாலோ-ஆன் கொடுக்கும்போது கேப்டன் விட்டுக்கொடுப்பது கடைசி நாளில் பந்துவீசும் உரிமையை. களைப்பைவிட இதுதான் பெரிய விலை.

வெலிங்டனையும் இதே கண்ணோடு பார்க்கலாம். இரண்டு டெஸ்ட் தொடரில் இங்கிலாந்து 1–0 என்று முன்னால் இருந்தது. டிரா ஆனாலே தொடர் அவர்களுடையது. 226 ரன் முன்னிலையோடு பென் ஸ்டோக்ஸ் ஃபாலோ-ஆன் கொடுத்தார். நியூசிலாந்து 483 எடுத்தது, வில்லியம்சன் 132. 258 ரன் இலக்கைத் துரத்திய இங்கிலாந்து 256 ரன்னில் ஆட்டமிழந்து, ஒரே ஒரு ரன்னில் தோற்றது. டெஸ்ட் கிரிக்கெட்டை நேசிப்பவர்களுக்கு அது மறக்க முடியாத நாள். ஸ்டோக்ஸின் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனாலும், தோல்விக்கான வாசல் ஒன்றுதான் திறந்திருந்தது. அதை மூட அவரிடம் நேரம் நிறைய இருந்தது.

வாசலை மூடுவதிலேயே முழுக் கவனமும் போய்விடும் ஆபத்தும் உண்டு. 2007இல் ஓவலில் இந்தியக் கேப்டன் திராவிட் 319 ரன் முன்னிலை வைத்துக்கொண்டும் ஃபாலோ-ஆன் கொடுக்கவில்லை. தொடரில் 1–0 முன்னிலை. இங்கிலாந்தில் 21 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொடர் வெற்றி அருகில் இருந்தது. அதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 11 ரன்னுக்கு 3 விக்கெட் விழுந்ததும் இந்தியா ஓட்டுக்குள் சுருங்கியது. திராவிட் 96 பந்துகளில் 12 ரன். 500 ரன் இலக்கு வைக்கும்வரை டிக்ளேர் வரவில்லை. இங்கிலாந்து 6 விக்கெட்டுக்கு 369 எடுத்து டிரா செய்தது. தொடர் கிடைத்தது, ஆட்டம் கிடைக்கவில்லை. மீண்டும் ஆடுவதென்றால் வேகமாக ஆட வேண்டும். ஒரு நாளுக்கு 90 ஓவர். 10 விக்கெட்டுக்கு 110 ஓவராவது ஒதுக்க வேண்டும். 40 ஓவரில் 150 ரன் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு ரன்னும் எதிரணிக்கு டிராவை நெருக்கமாக்குகிறது.

ஃபாலோ-ஆன் கொடுத்து ஜெயித்த ஆட்டங்களும் ஏராளம். 2019இல் புணேயிலும் ராஞ்சியிலும் தென்னாப்பிரிக்காவை இந்தியா அப்படித்தான் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்தியது. துவண்டுபோன எதிரணிக்கு மூச்சு வாங்க இடம் கொடுக்காமல் இருப்பதில் பலம் உண்டு; முன்கூட்டியே முடிந்தால் ஓய்வும் கிடைக்கிறது. ஆனால் ஆடுகளம் மந்தமாக இருந்தால் அந்தப் பலம் வேகமாகக் கரைகிறது. 2025 அக்டோபரில் டெல்லியில் 270 ரன் முன்னிலையோடு ஷுப்மன் கில் ஃபாலோ-ஆன் கொடுத்தார். மேற்கிந்தியத் தீவுகள் 390 எடுத்தது. கேம்ப்பெலும் ஹோப்பும் சதமடித்தார்கள். இந்தியப் பந்துவீச்சாளர்கள் இடைவெளியே இல்லாமல் சுமார் 200 ஓவர் வீச வேண்டியிருந்தது. இலக்கு 121தான் என்பதால் 7 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா ஜெயித்தது. மந்தமான அந்த ஆடுகளத்தில், அவ்வளவு நேரம் மீதமிருக்கையில், நான் மீண்டும் ஆடச் சொல்லியிருப்பேன்.