‘இதய வயது’ அறிக்கையைக் காட்டி விற்கப்படும் உடற்பயிற்சித் திட்டம்: ஓர் எச்சரிக்கை

கோயம்புத்தூரில் உள்ள ஓர் உடற்பயிற்சிக் கூடம், சேர வருபவர்களின் ஓய்வுநிலை இதயத் துடிப்பை அளந்து, அதிலிருந்து ‘இதய வயது’ என்று ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதை அச்சிட்டுக் கையில் கொடுத்து, அது கிளப்பும் பயத்தை வைத்தே மூன்று மாதத் திட்டம் ஒன்றை விற்று வருகிறது. 41 வயதான என் தங்கை அந்தத் திட்டத்துக்கு 18,000 ரூபாயும், அதனுடன் சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட ‘இதயத்துக்கு வலுவூட்டும்’ பொடிக்கு 3,200 ரூபாயும் கொடுத்திருக்கிறாள். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அவளுக்கு உண்மையில் இருந்த நோய் அந்த எண்ணுக்குப் பின்னால் மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கூடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. அலுவலகம் முடிந்து, காபி குடித்துவிட்டு, படியேறி வந்தவளை உட்காரக்கூடச் சொல்லாமல் வரவேற்பு மேசைக்கு முன்னால் நிற்கவைத்தபடியே விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியிருக்கிறார்கள். திரையில் தெரிந்த 104-ஐ ‘ஓய்வுநிலைத் துடிப்பு’ என்ற கட்டத்தில் நிரப்பி, கீழே சிவப்பு எழுத்தில் ‘இதய வயது 58’ என்று அச்சிட்டுத் தந்தார்கள். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் எடுத்த அளவுக்கு ஓய்வுநிலை என்று பெயர் சூட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘இதய வயது’ என்ற கணக்கு மருத்துவத்தில் இல்லாத ஒன்றல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1948-இல் தொடங்கிய ஃப்ரேமிங்ஹாம் ஆய்வின் வழியாக அது புழக்கத்துக்கு வந்தது. ஆனால் அந்தக் கணக்குக்குத் தேவைப்படுபவை வயது, பாலினம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் அளவுகள், புகைப்பழக்கம், சர்க்கரை நோய் ஆகியவை; ஓய்வுநிலைத் துடிப்புக்கு அதில் இடமே இல்லை. என் தங்கையின் ரத்த அழுத்தத்தை அந்தக் கூடத்தில் யாரும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்த வியாபாரம் எளிதில் நம்பப்படுவதற்குக் காரணம், அதன் அடியில் பாதி உண்மை இருப்பதுதான். ஓய்வாக இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் ஓடினால் போதும். சராசரி இதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அளவில் வெளியேற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓட்டமோ நீச்சலோ சைக்கிளோ பழகியவரின் இதயம் 100 மில்லிலிட்டரோ அதற்கு மேலுமோ வெளியேற்றுவதால், அதே ஐந்து லிட்டரை ஐம்பது துடிப்புகளிலேயே முடித்துவிடுகிறது. அதனால்தான் பெரியவர்களுக்குப் பொதுவாக 60 முதல் 100 வரை இயல்பு என்று சொல்லப்படும்போது, நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் 40-களைக்கூட மருத்துவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பயிற்சி துடிப்பைக் குறைக்கும் என்பதிலிருந்து, துடிப்பு கூடியிருந்தால் பயிற்சிக் குறைவுதான் காரணம் என்ற முடிவு வந்துவிடாது. காய்ச்சல், உடலில் நீர் வற்றுதல், தைராய்டு மிகைச் சுரப்பு, மனப்பதற்றம், தூக்கமின்மை, காபி, ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சில மருந்துகள், கர்ப்பம் என எத்தனையோ காரணங்கள் அந்த எண்ணை உயர்த்தும். நம் நாட்டில் பெண்களிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தசோகை. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. பெண்களை இலக்காக வைத்து இதயத் துடிப்புத் திட்டம் விற்பவர்கள் அந்த ஒரு கேள்வியைக்கூடக் கேட்காததை அறியாமை என்று என்னால் விட்டுவிட முடியவில்லை.

ஏனென்றால் அவள் தானாகவே அதைச் சொல்லியிருக்கிறாள். மாதவிடாய்ப் போக்கு சில காலமாக அதிகமாக இருப்பதாகவும், சீக்கிரம் களைத்துவிடுவதாகவும் சொன்னபோது, பயிற்சியாளர் அதே ஆக்சிமீட்டரைக் காட்டி, “ஆக்சிஜன் தொண்ணூத்தொம்பது இருக்குங்க மேடம், ரத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்குது” என்று சமாதானம் சொன்னார். அந்தக் கருவி காட்டுவது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே. ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்திருந்தாலும், அந்தப் பாதி முழுவதும் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருந்தால் திரையில் 99 என்றுதான் வரும். வண்டிகள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்று சொல்லும் கருவி, நிலையத்தில் எத்தனை வண்டிகள் மிச்சமிருக்கின்றன என்பதைச் சொல்லாது.

அதற்குப் பிறகு நடந்த பயிற்சி ஆபத்தின் விளிம்பில் நடந்தது. 220-இலிருந்து வயதைக் கழித்து, வந்த 179-ஐ உச்சத் துடிப்பாகக் கொண்டு, அதில் 85 சதவீதமான 152-ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்தச் சூத்திரம் ஒரு சராசரிதான். ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு எண்கள் மேலோ கீழோ இருப்பது சர்வசாதாரணம். தலைசுற்றிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றவளிடம், “கொழுப்பு கரையறப்ப அப்படித்தான் இருக்கும்” என்றாராம்.

மூன்றாம் மாத முடிவில் இரண்டாவது அறிக்கை வந்தது: துடிப்பு 86, இதய வயது 44, பச்சை எழுத்து. கூடவே ஓராண்டுத் திட்டத்துக்கான படிவமும் வந்தது. வீட்டு மாடிப்படி ஏறினாலே இன்னமும் மூச்சு வாங்குகிறதே என்ற சந்தேகத்தில் இரண்டு தாள்களையும் அவள் என்னிடம் காட்டினாள். மூலையில் சிறிய எழுத்தில் நேரம் அச்சாகியிருந்தது. முதல் தாளில் மாலை 6.52, இரண்டாவதில் காலை 6.15. இரண்டாவது அளவை எடுக்க அவளை அதிகாலையில் வெறும் வயிற்றில் வரச்சொல்லி, குளிரூட்டிய அறையில் விளக்கை அணைத்து, பத்து நிமிடத்துக்கு மேல் படுக்கவைத்த பிறகே கருவியை மாட்டியிருக்கிறார்கள். படியேறி நின்றவருக்கும் படுத்து இளைப்பாறியவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான் மூன்று மாதப் பயிற்சியின் பலன் என்று 18,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். முறையான பயிற்சியால் சில மாதங்களில் ஓய்வுநிலைத் துடிப்பு குறைவது உண்மை. ஆனால் பெரும்பாலோருக்கு அது சில துடிப்புகள் அளவில்தான் இருக்கும். படுத்து ஓய்வெடுத்த பிறகும் 86 என்பதை வெற்றியாகக் காட்டியது அதைவிட மோசம்.

மருத்துவர் கீழிமையை இழுத்துப் பார்த்த உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்குக் குறைந்தது 12 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.3 கிராம்தான் இருந்தது. இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டத்தில் இருந்தது. சுமக்கும் ஆள் குறைந்ததால் இதயம் ரத்தத்தை வேகமாகச் சுற்றவிட்டு ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அந்த இதயத்தைத்தான் சோம்பேறி இதயம் என்று சொல்லி விரட்டியிருக்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் அதிகப் போக்குக்கான சிகிச்சையும் தொடங்கிய பிறகு, டிரெட்மில் பக்கமே போகாமல் அவளுடைய காலைத் துடிப்பு 70-களுக்கு இறங்கிவிட்டது.

இதே கூடத்தில் இதன் மறுபக்கமும் நடக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரலால் சாப்பிடும் ஒரு பெரியவருக்கு 54 வந்ததும், ‘விளையாட்டு வீரர் இதயம்’ என்று எழுதி, படத்துடன் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த வகை மருந்துகள் ரத்த அழுத்தத்தோடு துடிப்பையும் குறைப்பவை. தைராய்டு குறைந்தாலும், இதயத்தின் மின்கடத்தலில் தடை ஏற்பட்டாலும் துடிப்பு தாழும். தலைசுற்றலோ மயக்கமோ சேர்ந்திருந்தால் அதற்கு உடனே இசிஜி எடுக்க வேண்டும்.

உண்மையான அளவு தெரிய வேண்டுமானால் காசு செலவில்லை. காலையில் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாமல் ஒரு வாரம் குறித்து வையுங்கள். 100-ஐ ஒட்டியோ தாண்டியோ தொடர்ந்து வந்தால், போக வேண்டிய இடம் மருத்துவமனை. யாராவது முன்–பின் அறிக்கை காட்டினால், இரண்டும் எந்த நேரத்தில், எந்த நிலையில் எடுக்கப்பட்டன என்று முதலில் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அப்படி அச்சிட்டுவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது; குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். அதன் பிறகு, பணம் திரும்பாது, வேண்டுமானால் இரண்டு மாதம் இலவசமாக வந்து பயிற்சி செய்யலாம் என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. அதை மறுத்துவிட்டு, இரண்டு அறிக்கைகளையும் பில்லையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இதே போன்ற சிவப்பு, பச்சை அறிக்கைகள் உங்கள் வீட்டிலும் இருந்தால், மூலையில் உள்ள நேரத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.