புகைப்படக் குழுவின் விமர்சனக் கூட்டம்: திரையா, அச்சா?

உறுப்பினர்களின் படங்களைப் புரொஜெக்டரில் காட்டுவது எளிது. அச்சுச் செலவில்லை, அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், நேற்று எடுத்த படத்தையும் புதியவர் தயங்காமல் கொண்டுவரலாம். சட்டகம், தருணம் பற்றிப் பேச இது போதும்.

கூர்மையையும் நிழல் விவரத்தையும் பற்றிப் பேசப் போதாது. முழு எச்டி புரொஜெக்டர் காட்டுவது 1920 x 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். 24 மெகாபிக்சல் (2.4 கோடி புள்ளிகள்) கேமரா பதிவுசெய்ததில் இது ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். அறையில் விளக்கு எரிந்தால் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். அந்தக் குறையைப் படமெடுத்தவர் தலையில் சுமத்துவது அநியாயம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

12 x 18 அங்குல அச்சில் அதே 24 மெகாபிக்சலும் அங்குலத்துக்கு 333 புள்ளிகளாக இறங்குகின்றன. கையில் வாங்கி அருகில் பார்க்கலாம், சுவரில் சாய்த்துத் தள்ளி நின்றும் பார்க்கலாம். பளபளப்பில்லாத மேட் தாளா, பளபளப்புத் தாளா என்பதும் விவாதத்துக்கு வரும். செலவு உண்டு, அதனாலேயே உறுப்பினர் தம் படங்களைக் கறாராகச் சலித்துக் கொண்டுவருகிறார்.

கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தைத் திரையில் நடத்த நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். சுவரில் மாட்டப்போவது அச்சுதானே.