15 கேவிஏ ஜெனரேட்டர்: சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?

எங்கள் ஆறு வீட்டு அபார்ட்மென்ட்டுக்கு ஜெனரேட்டர் பார்க்கப் போனோம். ஒரே கம்பெனி, ஒரே 15 கேவிஏ, இரண்டு மெஷின். சிங்கிள் ஃபேஸ் மெஷினின் நேம் பிளேட்டில் 230 வோல்ட், 65.2 ஆம்ப்ஸ். மற்றது த்ரீ ஃபேஸ், அதில் 415 வோல்ட், 20.9 ஆம்ப்ஸ். கூட வந்த மாடி வீட்டு சார், “இது மூணுல ஒரு பங்கு கரண்ட்தானே தருது?” என்றார்.

இல்லை சார், அந்த 20.9 ஒவ்வொரு ஃபேஸுக்கும், அதாவது கரண்ட் வரும் மூன்று வயரில் ஒவ்வொன்றுக்கும். 15 கேவிஏ என்றால் வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினால் வரும் 15,000; அதை 230-ஆல் வகுத்தால் 65.2. த்ரீ ஃபேஸுக்கு 415-ஐ 1.732-ஆல் பெருக்கி, வருவதால் 15,000-ஐ வகுக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் ஒரே பெரிய அண்டா என்றால் இது மூன்று குடம். ஒரு குடம் காலியானால் மற்றதிலிருந்து ஊற்றிக்கொள்ள வழியில்லை.

வீடுகளில் உதைப்பது அங்கேதான். ஒன்றரை டன் பழைய ஏசி சுமார் 8 ஆம்ப்ஸ் இழுக்கும். 2 கிலோவாட் கீசர் 8.7. ஒரே ஃபேஸில் இரண்டு ஏசியும் ஒரு கீசரும் ஓடினால் கிட்டத்தட்ட 25 ஆம்ப்ஸ். மற்ற இரண்டு ஃபேஸும் சும்மா கிடந்தாலும் இந்த ஃபேஸில் ஓவர்லோடுதான். யார் எப்போது கீசர் போடுவார்கள் என்று எந்த எலக்ட்ரீஷியனாலும் சொல்ல முடியாது. அண்டாவில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் 65 ஆம்ப்ஸையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பவர் ஃபேக்டர் (கேவிஏவில் எவ்வளவு பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற கணக்கு) 0.8 என்று போட்டிருந்தால் எஞ்சின் தருவது 12 கிலோவாட்தான். கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரி சூடாக்கும் சாமான் மட்டும் ஓடினால் 52 ஆம்ப்ஸிலேயே எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதே கணக்கில் த்ரீ ஃபேஸில் மூன்று பக்கமும் சமமாகப் போட்டால் ஃபேஸுக்கு 16.7.

த்ரீ ஃபேஸ் மோட்டார் இருந்தால் பேச்சே வேண்டாம், த்ரீ ஃபேஸ்தான். அங்கேயும் ஸ்டார்ட்டிங் கரண்ட்டைப் பார்க்க வேண்டும். 5 ஹெச்பி மோட்டார் ஓடும்போது ஏழரை ஆம்ப்ஸ் போல எடுக்கும். நேரடியாக ஸ்டார்ட் செய்தால் ஆறு மடங்கு, 45 ஆம்ப்ஸ். 20.9 தரும் மெஷினில் வோல்டேஜ் தடாலென்று இறங்கி, எல்லா வீட்டு லைட்டும் மங்கும். மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் அது 15-க்கு வந்துவிடும்.

எங்களுக்கு லிஃப்ட் இல்லை, போர் மோட்டாரும் சிங்கிள் ஃபேஸ். அதனால் சிங்கிள் ஃபேஸே எடுத்தோம். கேபிளில்தான் செலவு: 20 ஆம்ப்ஸுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும் என்ற இடத்தில் இங்கே குறைந்தது 16 வேண்டும்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. எங்கள் கட்டடத்துக்கு ஈபி லைன் த்ரீ ஃபேஸ். ஜெனரேட்டர் ஓடும்போது, ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சில் மூன்று ஃபேஸையும் ஒன்றாக இணைக்கிறார்கள். ஈபியில், கரண்ட் திரும்பிப் போகும் வயரான நியூட்ரலில் பெரும்பாலும் ஃபேஸ்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் ஓடும்; ஜெனரேட்டரில் மூன்றின் கரண்ட்டும் கூட்டிச் சேர்ந்து அந்த ஒரே வயரில் திரும்பும். முதல் நாள் டாங் டெஸ்டரை (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கும் கருவி) நியூட்ரலில் மாட்டினால் 48 ஆம்ப்ஸ் காட்டியது. அந்த வயரோ பழைய 6 சதுர மில்லிமீட்டர், தொட்டால் சுட்டது. அன்றைக்கே நிறுத்தி, நியூட்ரலை மாற்றிய பிறகுதான் மறுபடி ஓட்டினோம்.