ஒடுங்கிய இடுப்பா, அகன்ற இடுப்பா: நான் வாங்கிய கார்விங் ஸ்கீ

பன்னிரண்டு வருடம் வாடகை ஸ்கீயிலேயே காலத்தைக் கடத்தினேன். சுவிஸில், பேர்ணில் பள்ளிக்கூடம் படித்த எங்களுக்கு ஸ்கீ லாகரில்தான், அதாவது பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு முகாமில்தான், முதல் பழக்கம். அப்பா அம்மாவுக்கோ பனி என்றால் விடிய வேலைக்குப் போகும்போது வழுக்கி விழுத்துகிற சாமான், அவ்வளவுதான். போன வருடம்தான் சொந்தமாக ஒரு சோடி கார்விங் ஸ்கீ, அதாவது விளிம்பில் சரிந்து வளைந்து ஓடுகிற ஸ்கீ, வாங்கினேன். இந்த மார்கழிக்கு மச்சாளும் வாங்கப் போகிறா. "எதை எடுக்கிறது, நீங்களே சொல்லுங்கோ மச்சாள்" என்று கேட்டா. அவவுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் என் அளவு: 160 சென்ரிமீற்றர் உயரம், 58 கிலோ. இயந்திரம் ஓட்டிச் சீராக்கிய பிஸ்தேயை, அதாவது ஸ்கீ ஓடும் பாதையை, விட்டு வெளியே போவதில்லை. இலகுவான நீலப் பாதையும் நடுத்தரமான சிவப்பும் தாராளம், கடினமான கறுப்பு எப்போதாவது.

கடையில் எனக்கு முன்னால் இரண்டு வகை இருந்தன. ஒன்று, பெண்களுக்கென்றே செய்த இலகுவான ஸ்கீ. ஹெட்டின் ஜாய், அற்றோமிக்கின் கிளவுட் வரிசைகளில் இப்படியானவை கிடைக்கும். நான் ஓடிப் பார்த்ததற்கு நடுப்பகுதி, அதாவது இடுப்பு, 78 மில்லிமீற்றர். மற்றது ஒடுங்கிய இடுப்புக்காரன்: 68 மில்லிமீற்றர், மர நடுவுக்கு மேலும் கீழும் ரைற்றானல் தகடு. பெயரைக் கேட்டால் ரைற்றானியம் போலிருக்கும், உண்மையில் அது அலுமினியக் கலவை. லுசேர்ன் மாநிலத்து மால்ட்டர்ஸில் செய்யும் ஸ்டொக்லியின் லேசர் வரிசை இந்தக் குடும்பம்தான். இதில் பெண், ஆண் என்று எழுதியிருக்காது; பூவும் போட்டிருக்காது. வாங்கியதன் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், அளவோடு நிறுத்துகிறேன்.

நீளம் குறைவென்று பயப்பட வேண்டாம். நான் எடுத்தது 153 சென்ரிமீற்றர். "குழந்தைப் பிள்ளையின் ஸ்கீயா?" என்று வீட்டில் சிரித்தார்கள். உலகக் கிண்ணத்தில் சிலாலம், அதாவது கம்பங்களுக்கிடையே வளைந்து ஓடும் போட்டி, ஓடுகிற பெண்களுக்கே குறைந்தபட்ச நீளம் 155தான். வளைவு ஆரை, அதாவது ஸ்கீ தானாகத் திரும்பும் வட்டத்தின் ஆரை, 12 முதல் 14 மீற்றருக்குள் இருந்தால் எங்களுக்குப் போதும். சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கைக் கடைக்காரர் எடை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம் பார்த்துப் பூட்டித் தருவார். சுவிஸ் விபத்துத் தடுப்பு நிறுவனமான பிஎஃப்யூவின் ஸ்ரிக்கர் ஒட்டித் தந்தால் சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம்.

இனி இடுப்புக்கு வருவோம், ஏனென்றால் நான் ஏமாறப் பார்த்தது அங்கேதான். பேர்ண் மலைப்பக்கத்து அடெல்போடனில் மாசி மாதம் ஒரு பின்னேரம் அகன்றதை வாடகைக்கு எடுத்து ஓடினேன். வெயிலில் பனி இளகி, ஆட்கள் ஓடி ஓடிச் சின்னச் சின்ன மேடாகக் கிடந்தது. அந்த ஸ்கீ அதன் மேல் மிதந்தது. இலகு, கால் நோவில்லை, எங்கே திருப்பினாலும் திரும்பியது. இதுதான் என் ஸ்கீ என்று மனதுக்குள் காசையும் எண்ணிவிட்டேன். அடுத்த நாள் காலை முதல் லிஃப்றில் அதே ஸ்கீயோடு ஏறினேன். இரவு சீராக்கிய பிஸ்தே உறைந்து கல்லாகியிருந்தது. சரித்து விளிம்பில் ஏறின உடனே ஸ்கீ நடுங்கத் தொடங்கியது. பிடித்தது, விட்டது, திரும்பப் பிடித்தது. மத்தியானத்துக்குள் முழங்காலின் உள்பக்கம் நோ.

காரணம் பெரிய மாயம் இல்லை. ஸ்கீயைச் சரிக்கும்போது பனி தள்ளுகிற இடம் உள்விளிம்பு. இடுப்பு அகல அகல அந்த விளிம்பு காலின் நேர்கோட்டை விட்டு வெளியே போகும். 78க்கும் 68க்கும் வித்தியாசம் பத்து மில்லிமீற்றர், ஒரு பக்கத்துக்கு ஐந்து. அதிலென்ன என்று தோன்றும். ஆனால் உறைந்த பிஸ்தேயில் விளிம்பு உள்ளே புதையாது. ஸ்கீ தட்டையாகப் படுக்கவே பார்க்கும். அதைச் சரித்து வைத்திருக்கும் வேலை முழுக்கக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும். ஸ்கீயில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அகன்ற ஸ்கீதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. தேவையில்லாத திருகலை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

அன்று மத்தியானமே கடைக்குப் போய் அகன்றதைக் கொடுத்து ஒடுங்கியதை வாங்கிக்கொண்டு வந்தேன். மற்ற நாள் காலை அதே சரிவில் ஓடினால் தண்டவாளம் போட்டது போலப் போனது. ஒரு விளிம்பிலிருந்து மற்றதற்கு மாறுவதும் கெதி. பாரம் கூடத்தான், கார்த் தரிப்பிடத்திலிருந்து தோளில் சுமக்கும்போது தெரியும், ஓடும்போது அந்தப் பாரமே நடுக்கத்தை அடக்கும்.

குறையும் இருக்கிறது. பின்னேரத்து மேடு பள்ளத்தில் இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பின்னுக்குச் சாய்ந்து நின்றால் மன்னிக்காது. விளிம்பு மழுங்கினால் ஒடுங்கியதற்கு என்ன பெருமை? நாலைந்து நாள் ஓட்டத்துக்கு ஒருக்கால் தீட்ட வேண்டும். முதல் சீசனில் ஈரத்தோடு பைக்குள் மூடி வைத்துத் துருப்பிடிக்க விட்டது என் பிழை. இப்போது துணியால் துடைக்காமல் காரில் ஏற்றுவதில்லை. இரண்டு சீசன்தான் ஓடியிருக்கிறேன், அதனால் எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஆனால் மச்சாளிடம் ஒன்று கேட்டேன். பிள்ளைகளை ஸ்கீப் பள்ளியில் விட்டு, கோப்பி குடித்து, பதினொரு மணிக்குத்தான் லிஃப்ற் ஏறுவீங்கள் என்றால் அகன்றதையே எடுங்கோ. எட்டரைக்கே வரிசையில் நிற்பீங்கள் என்றால் ஒடுங்கியது. "யோசிச்சுச் சொல்றன்" என்றா. அவ காலையில் எழும்புகிற ஆள் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.