டாலஸ் பேஸ் மீன்பிடி செமினார்: கொடுத்த 180 டாலர் எங்கே போனது?

தாமிரபரணிக் கரையில் மூங்கில் கம்பும் தக்கையும் மண்புழுவுமாக மீன் பிடித்து வளர்ந்தவன் நான். டெக்சாஸுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. அதில் நான்கு வருடமாக லார்ஜ்மவுத் பேஸ் மீனைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். யூடியூபில் எத்தனையோ வீடியோ பார்த்தாயிற்று. ஆனாலும் பத்து தடவை ஏரிக்குப் போனால் ஆறேழு தடவை ஒன்றும் சிக்காது. எங்கே தப்பு நடக்கிறது என்பதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த பிப்ரவரியில், போட்டிகளில் மீன் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் நடத்தும் இரண்டு நாள் செமினாரில் சேர்ந்தேன். மதியச் சாப்பாடு உட்பட 180 டாலர்.

ஒரு கல்லூரி அரங்கம், நூறு நாற்காலிக்கு மேல் இருக்கும். மொத்தம் ஆறு பேர் பேசினார்கள். எல்லாருமே சிறப்பாகப் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாள் காலை மேடையேறிய அறுபது வயதுக்காரர் ஒருவர் நடத்திய வகுப்புக்கு மட்டுமே கொடுத்த காசு சரியாகப் போயிற்று.

அவர் எடுத்துக்கொண்டது டெக்சாஸ் ரிக். பிளாஸ்டிக் புழு, தோட்டா வடிவ ஈயக்குண்டு, வளைந்த கழுத்துள்ள முள். பேஸ் மீன்பிடியில் அரிச்சுவடி மாதிரி. எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் புழுவை எடுத்து, அதன் தலையில் முள்ளைக் கால் அங்குலம் குத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்து, கழுத்து வரை ஏற்றி, முள்ளைத் திருப்பினார். பிறகு உடனே குத்தவில்லை. முள்ளைப் புழுவின் மேல் தொங்கவிட்டு, வளைவு எந்த இடத்தில் படுகிறது என்று கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டில் குத்தி மறுபக்கம் எடுத்து, நுனியைத் தோலுக்கடியில் மட்டும் லேசாகச் செருகினார். புழு ஊசி மாதிரி நேராக நின்றது. நான் கோர்க்கும் புழு எப்போதும் கொஞ்சம் வளைந்திருக்கும். வளைந்த புழு தண்ணீரில் சுழலும், தூண்டில் நரம்பை முறுக்கும், மீனும் அண்டாது. நான்கு வருடமாக நான் போட்டதெல்லாம் சுழலும் புழுதான் என்று அந்த நிமிடம்தான் விளங்கியது.

அப்புறம் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒருவர் கம்பைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இருபதடி தள்ளி நிற்கும் மற்றவர் நரம்பின் முனையை விரலால் தொட வேண்டும்: ஒரு தடவை சுண்டுவது, ஒரு தடவை மெதுவாகப் பக்கவாட்டில் இழுப்பது, ஒரு தடவை எங்கள் பக்கமாக ஓரடி நகர்வது. எனக்குத் துணையாக வந்தவர் ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். முதல் பத்து தடவையில் நான் சரியாகச் சொன்னது சுண்டலை மட்டும்தான். அவர் என் பக்கம் நகர்ந்தபோது நரம்பு தொய்ந்து கனம் காணாமல் போனது. அதை நான் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். பேச்சாளர் என் தோளைத் தொட்டு, “தம்பி, அதுவும் கடிதான். கனம் குறைந்தால் மீன் இரையோடு உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம்” என்றார். அவர் ஆங்கிலத்தில் ‘சன்’ என்றுதான் கூப்பிட்டார், எனக்கு அது ‘தம்பி’ என்றே காதில் விழுந்தது. பேஸ் மீன் வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். பிடிக்காவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் துப்பிவிடும். கெண்டை இழுத்தால் தக்கை அமிழும், அதைப் பார்த்தே பழகிய கைக்கு இது புதுப் பாடம். அரை மணி நேரம் செய்தோம். கடைசியில் பத்துக்கு எட்டு சரியாகச் சொன்னேன்.

மதியம் வசந்த கால மீனைப் பற்றி ஒருவர் பேசினார். குளிர்காலத்தில் ஆழத்தில் கிடக்கும் பேஸ், தண்ணீர் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது முட்டையிட ஆழமில்லாத இடத்தை நோக்கி நகர ஆரம்பிக்கும். ஒரே மூச்சில் கரைக்கு வந்துவிடாது. சென்னையிலிருந்து தெற்கே வரும் பஸ் வழியில் மோட்டலில் நிற்கிற மாதிரி, ஓடைப் பள்ளத்தை ஒட்டி நீருக்குள் நீளும் மேடுகளில் நின்று நின்று வரும். அந்த மேடுகளை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று லேக் ஃபோர்க் ஏரியின் படத்தைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். முட்டையிட்ட பிறகு ஆண் மீன் கூட்டையும் குஞ்சுகளையும் காவல் காக்கும் என்றபோது எங்கள் ஊர்க் குளத்து விரால் நினைவுக்கு வந்தது. செக்கச்செவேலென்று திரளும் குஞ்சுகளுக்கு அடியில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருக்குமே, அந்த விரால். பாசிக்குள் ஒளிந்திருந்து பாய்வதிலும் இரண்டும் ஒரே குணம். விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு பேஸ் சீக்கிரம் பிடிபடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் கிராங்க்பெய்ட் வகுப்பும் நன்றாக இருந்தது. சுற்றி இழுக்கும்போது ஆடிக்கொண்டே தண்ணீருக்குள் முங்கும், மீன் வடிவக் கெட்டி இரை அது. பேஸ் மீன்பிடியின் பெரிய போட்டியான பேஸ்மாஸ்டர் கிளாசிக்கை நான்கு முறை வென்ற ரிக் கிளன் ஏன் அதற்கு ஃபைபர்கிளாஸ் கம்பை வைத்துக்கொண்டார் என்பது புரிந்தது: கம்பு வளைந்து கொடுத்தால்தான் மீன் இரையை முழுதாக வாங்கும், சின்ன முள் வாயைக் கிழித்துக்கொண்டு கழன்று வராது.

குறை இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தண்ணீருக்கடியில் மீன் நகர்வதை அப்படியே திரையில் காட்டும் லைவ் சோனார் பற்றி ஒன்றரை மணி நேரம் ஓடியது. படகில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் கருவி மாட்டியவர்களுக்கு அது பயன்படும். கரையிலிருந்தும் கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகிலிருந்தும் பிடிக்கிற எங்களைப் போன்ற பாதிப் பேர் அந்த நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தோம். இன்னொருவர் தன் ஸ்பான்சர் கம்பெனியின் இரைகளைத் தவிர வேறெதையும் தொடவே இல்லை. கேள்வி கேட்க ஒதுக்கிய நேரத்தையும் விற்பனை மேசை விழுங்கிவிட்டது. காசு கட்டி வந்தவர்களிடம் அப்படிச் செய்யக்கூடாது. கருத்துப் படிவத்திலும் இதையே எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் இரண்டாம் வாரம் லேக் ஃபோர்க் போனேன். டெக்சாஸ் மாநில சாதனையான 18.18 பவுண்டு பேஸ் 1992 ஜனவரியில் கிடைத்த ஏரி அது. தண்ணீர் 58 டிகிரி. வரைபடத்தில் குறித்து வைத்த இரண்டாவது மேட்டில் கயாக்கை நிறுத்தி, தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களை ஒட்டிப் புழுவைப் போட்டேன். மூன்றாவது வீச்சில் ஈயக்குண்டின் கனம் சட்டென்று காணாமல் போனது. சுண்டல் இல்லை, இழுப்பும் இல்லை. பழைய ஆளாக இருந்தால் காத்துக்கொண்டே இருந்திருப்பேன். தொய்வை வேகமாகச் சுற்றி, கம்பை மேலே வெட்டி இழுத்தேன். மீன் மரத்துக்குள் போகப் பார்த்தது, விடவில்லை.

19 அங்குலம். அந்த ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பேஸை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. செமினாரில் சொன்னபடி கையை நனைத்துக்கொண்டு, வாயை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்கடியில் இன்னொரு கையைக் கொடுத்து, தண்ணீருக்குள் வைத்தேன். வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போயிற்று. அன்று மட்டும் ஐந்து மீன், அதில் மூன்று கனம் காணாமல் போய்க் கிடைத்தவை.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீரில் இரண்டு வருடமாவது கழித்தவர்கள் தாராளமாகப் போகலாம். தூண்டிலே பிடித்திராதவர்கள் முதலில் கடைகளில் நடக்கும் இலவச வகுப்புகளுக்குப் போங்கள். முன்வரிசையில் இடம் பிடியுங்கள், பின்னால் இருந்தால் விரல் வேலை தெரியாது. அடுத்த பிப்ரவரிக்கு நான் மறுபடி பதிவு செய்துவிட்டேன், இந்தத் தடவை என் மகளுக்கும் சேர்த்து.