நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்தைத் தொட்டார்

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்து ஐயா ஒருவர் சப்பாத்துத் தைக்கிறார். பெயர்ப்பலகை கிடையாது. விளையாட்டுச் சப்பாத்தின் அடி தேய்ந்தால் நேரே அவரிடம் கொண்டுபோங்கள்.

நான் பன்னிரண்டு வருடமாக வேகநடை, அதாவது ஓடாமல் வேகமாக நடக்கும் போட்டி, நடக்கிறேன். பாடசாலையில் 5000 மீற்றரில் தொடங்கி இப்போது 20 கிலோமீற்றர். விடிய ஐந்து மணிக்குப் பண்ணை வீதியில் இறங்கினால், இரண்டு பக்கமும் கடல், மேடு பள்ளம் இல்லாத தார் ரோடு. ஆனால் அந்தத் தார் சப்பாத்தைத் தின்றுவிடும். வேகநடையில் விரல் மேலே தூக்கியிருக்க, குதிதான் முதலில் நிலத்தில் படும். அதனால் குதியின் வெளிப்பக்க விளிம்பு முந்திக் கரையும். மேல்பாகம் புதிதாகவே இருக்கும், அடி போய்விடும். இறக்குமதிச் சப்பாத்து விற்கிற விலையில் ஒவ்வொரு முறையும் புதிது வாங்க என்னால் முடியாது.

போன வருடம் நகரத்தில் வேறொரு கடையில் அடி மாற்றினேன். தடித்த ரப்பரை வெட்டி ஒட்டித் தந்தார்கள். குதி உயர்ந்து, அடி வளையவே இல்லை. இரண்டு கிழமையில் கணுக்காலுக்கு மேலே முன்பக்கத் தசை கல்லாக இறுகிவிட்டது. அடுத்த போட்டியில் முழங்கால் மடிகிறதென்று இரண்டு நடுவர்கள் சிவப்பு அட்டை எழுதினார்கள். முன்கால் நிலத்தில் பட்ட நொடியிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் நேராக இருக்க வேண்டும், அதுதான் விதி. மூன்றாவது அட்டையும் விழுந்தால், தண்டனை வலயம் வைத்திருக்கும் 20 கிலோமீற்றர் போட்டியில் இரண்டு நிமிடம் அதற்குள் நிற்க வேண்டும். வலயம் இல்லையென்றால் வெளியேதான்.

அந்தச் சப்பாத்தோடுதான் ஐயாவிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பிள்ளை, இதைப் போட்டுக்கொண்டு ஒருக்கா நடந்து காட்டுங்கோ பாப்பம்" என்றார். பஸ்ஸுக்கு நின்ற சனம் பார்க்க, நடைபாதையில் அந்தத் தொங்கலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து குதியை மட்டும் பார்த்தார். "வலது கால் வெளியாலை சாயுது. இடதிலை அவ்வளவு இல்லை." என் பயிற்றுநர் மூன்று வருடமாகச் சொல்லும் அதே குறை!

பழைய தடித்த அடியைக் கத்தியால் உரித்து எடுத்தார். பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தார். மெல்லிய ரப்பரை ஒட்டி, வலது குதியின் வெளி விளிம்பில் மட்டும் ஒரு சின்னத் துண்டு கூடுதலாக வைத்து, ஓரத்தை விரலால் தடவித் தடவிச் சரிவாகச் சீவினார். முன்பக்கம் விரல் மடியும் இடத்தில் குறுக்கே இரண்டு கீறல். "இப்ப வளையும்."

பசை காயும்வரை கோர்செனியோவ்ஸ்கியின் கதையைச் சொன்னேன். போலந்துக்காரர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 50 கிலோமீற்றர் நடந்து, இரண்டாம் இடத்தில் அரங்குக்குள் நுழைகிற நேரத்தில் வெளியேற்றப்பட்டார். அப்புறம் 1996 அட்லாண்டாவில் தங்கம், 2000 சிட்னியில் 20, 50 இரண்டிலும் தங்கம், 2004 ஏதென்ஸில் மறுபடியும் தங்கம். ஐயா ஊசியை நிறுத்திவிட்டு, "வாசலடியிலையோ மறிச்சவங்கள்?" என்று இரண்டு தரம் கேட்டார்.

கூலி 900 ரூபா. நான்கு மாதமாகக் கிழமைக்கு அறுபது கிலோமீற்றருக்குக் குறையாமல் நடக்கிறேன், அடி அசையவில்லை. தசை வலி போய்விட்டது. ஒரு குறை: இடது முன்பக்கத் தையல் இரண்டாம் மாதம் பிரிந்தது. கொண்டுபோனேன், காசு வாங்காமல் தைத்துத் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இருக்க மாட்டார். மற்ற நாட்களில் காலையிலேயே போங்கள். பின்னேரமானால் பாடசாலைப் பைகளும் குடைகளும் குவிந்துவிடும், உங்களை நடக்கவிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.